சித்திரை முடியட்டும்

ஜனவரி 6

எவர்சில்வர் கம்பெனிக்காரன் எங்கள் பாத்திரக்கடைக்குக் கொடுத்த டைரி இது. போன வருஷத்து டைரி பொங்கலோடு நின்றுபோனது. இந்த வருஷம் விடாமல் எழுதப் போகிறேன். என் பிள்ளை வளர்ந்து ஒருநாள் இதைப் படிக்க வேண்டும். நம்மைப் பெற நம் அம்மா என்ன பாடுபட்டாள் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

பெற என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடிக்க மாட்டேன். கரு என்னுடையதும் என் வீட்டுக்காரருடையதும். சுமப்பது மட்டும்தான் என் தங்கை சந்தனமாரி. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷமாகிறது. உடன்குடியில் இருக்கும் என் மாமியாருக்கு அது 'கட்டி ஆபரேஷன்'. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சொந்தத்தில் ஒருத்தி பிள்ளையைத் தத்தெடுத்தபோது, "வாங்குன கோழியும் வாங்குன புள்ளயும் வீடு தங்காது" என்று பந்தியில் உட்கார்ந்து சொன்ன மனுஷி.

மாரி கார்த்திகை மாசத்திலிருந்து எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள், மகள் நிவிதாவோடு. அவள் புருஷன் பால்பாண்டி கப்பலில் சமையல்காரர். வாடகைத்தாய்க்கு அனுமதி தருகிற போர்டு, கோர்ட்டு என்று எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார். "அக்கா மாசமா இருக்கா, ஒத்தாசைக்கு வந்திருக்கேன்" என்று இதுவரை தெருவில் கேட்டவர்களிடம் மாரியே சொல்லிக்கொண்டாள். இனிமேல் அவளை யார் கண்ணிலும் படவிட முடியாது. வயிறு தெரிகிறது.

ஜனவரி 19

மாரி மிஷினில் உட்கார்ந்து எனக்கு வயிறு தைத்துக் கொடுத்தாள். பழைய பாவாடைத் துணி, உள்ளே இலவம்பஞ்சு, பின்னால் கட்டிக்கொள்ள நாடா. மாசா மாசம் ஒரு பிடி பஞ்சு கூட்டிக்கொண்டால் போதுமாம்.

"அக்கா, ஒன் வயிறுதான் அழகா உருண்டையா இருக்கு. என்னயப் பாரு, பலாப்பழத்த ஒருபக்கமாக் கட்டித் தொங்கவிட்டாப்புல" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த நிவிதா முழித்துவிட்டாள்.

அம்மா போனபோது மாரிக்கு எட்டு வயசு. பேன் பார்த்து, ரெட்டைச் சடை போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக்கொடுத்தது வரைக்கும் நான்தான். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இந்த உதவியைக் கேட்டபோதுகூட ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

பிப்ரவரி 3

நிவிதாவுக்குப் பாடம் எடுத்தேன்.

"யாராவது கேட்டா அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா."

"பாப்பா யாரு வயித்துல இருக்கு?"

"பெரியம்மா வயித்துல."

சரியாகச் சொன்னால் ஒரு கடலைமிட்டாய். மூன்றாவது தடவையே தப்பில்லாமல் சொல்லிவிட்டாள். "சரியாச் சொல்லிட்டேம்லா?" என்று கையை நீட்டுகிற அழகே தனி. யூகேஜி படிக்கிறவள் மாதிரியா இருக்கிறாள், படு கெட்டி.

மாரி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்று தட்டை அப்படியே வைத்துவிட்டாள். மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 11

மாடிக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. தண்ணித் தொட்டி கழுவ வருகிறவன் தெரியாமல் திறந்து தொலைத்தால் என்ன செய்வது.

மார்ச் 2

எனக்கு இன்று வளைகாப்பு.

பதின்மூன்று வருஷம் எத்தனை பேர் வளைகாப்பில் கடைசி வரிசையில் நின்றிருப்பேன். சந்தனம் பூச என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாத மாதிரியும் காட்டிக்கொள்ள மாட்டார்கள், "சக்தி, உள்ள போயி அந்தத் தட்ட எடுத்துட்டு வா" என்பார்கள். இன்றைக்கு அந்த வாயெல்லாம் எனக்கு வளையல் போட்டுச் சிரித்தது. பச்சையும் சிவப்புமாக முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. அழுகை வந்தது. நிஜ அழுகைதான்.

"டாக்டர் எப்பம்னு சொல்லியிருக்காவ?" என்று என் வீட்டுக்காரரின் சித்தி கேட்டார்.

"மே இருவத்திரண்டு."

"அப்பம் வைகாசி. நல்லதாப் போச்சு. சித்திரையில புள்ள பெறந்தா அப்பன் தெருவுலல்லா."

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை. அவருடைய சின்ன மகன் சித்திரையில் பிறந்தவன். அந்த வருஷமே என் மாமனாரின் கடை தீப்பிடித்துக் குடும்பம் தெருவுக்கு வந்தது. இந்த வீட்டில் அதைச் சொல்லாத விசேஷம் கிடையாது. எனக்கா தெரியாது? ஆடி முடியட்டும் என்று மதுரை டாக்டரம்மாவையே காக்க வைத்து ஆவணியில்தான் கருவை வைக்கச் சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் காலையே பார்த்தார்.

"ஏளா சக்தி, ஒனக்குக் காலு வீங்கவே இல்லியே."

"நடந்துக்கிட்டே இருக்கேன்லா அத்தை."

"சரி. ஒண்ணு சொல்லுதேன், காதுல போட்டுக்கோ. கடைசி மாசத்துல தலவலி, மூஞ்சி வீக்கம், கண்ணுக்குள்ள பூச்சி பறக்காப்புல இருக்குன்னு வந்தா ஒரு நிமிசம் வீட்டுல வச்சிருக்கப்பிடாது. என் தங்கச்சி அப்படித்தான் போனா. இந்த வீட்டுல யாருக்கு வந்தாலும் சரி, கேட்டியா?"

யாருக்கு வந்தாலும் என்றால்? நான் ஒருத்திதானே மாசமாக இருக்கிறேன். வயசானால் பேச்சு இப்படித்தான் எங்கெங்கோ போகும்.

ராத்திரிச் சாப்பாட்டோடு மாடிக்குப் போனேன். வளையல் சத்தம் கேட்டு வயிற்றில் பிள்ளை திரும்பித் திரும்பி உதைத்ததாம். "எனக்கும் ரெண்டு வளையல் போட்டு விடேன்க்கா" என்றாள் மாரி. கண்ணாடி வளையல், நடந்தால் கீழே கேட்கும். அத்தை இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 20

அவர் கடையிலிருந்து வரும்போது மக்ரூன் வாங்கி வந்தார். ஒரு பொட்டலம் எனக்கு, ஒரு பொட்டலம் மாடிக்கு. நேராக மாடிக்குப் போனவர் இறங்கி வர வெகுநேரம் ஆனது. பிள்ளை உதைக்கிறதைத் தொட்டுப் பார்த்தாராம். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

தாழ்ப்பாளுக்குப் பூட்டு வாங்கினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கண்ணாடி முன்னால் பழத்தட்டு வைத்து, நிவிதாவைக் கண்ணை மூடிக் கூட்டி வந்து காட்டினேன். மாரிக்குத் தட்டை மாடிக்கே கொண்டுபோனேன்.

"பெத்த பெறகு ஒரு மாசம் இருந்து பால் குடுத்துட்டுப் போறேன்க்கா. சும்மா வடிஞ்சுதான போவும்" என்றாள்.

"பவுடர் வாங்கி வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. போகட்டும். ஒரு மாசம் நெஞ்சில் போட்டு வளர்த்தவள் ஒருநாள் கையைத் தட்டிவிட்டுப் போவாளா? நான் வளர்த்த பிள்ளைதான், எனக்குத் தெரியாதா அவள் மனசு. வந்ததிலிருந்து போனிலும் பால்பாண்டியிடம் ஒரே அழுகை. மாசமாக இருப்பவளுக்குப் போன் வெளிச்சம் ஆகாது என்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27

மாரிக்குக் கால் வீங்கிவிட்டது. மெட்டியைச் சோப்பு போட்டு உருவ வேண்டியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கொஞ்சநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீங்க வேண்டிய கால்.

அத்தை அடுத்த தடவை வரும்போது என் காலிலும் துணி சுற்றிக் கொஞ்சம் தடிமனாகக் காட்ட வேண்டும்.

மே 5

மதுரைக்குப் போய் வந்தோம். வெயில் சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். யூரினில் உப்போ புரதமோ எதுவோ போகிறதாம். "பிள்ள நல்ல வெயிட் இருக்கு. இன்னைக்கே அட்மிட் பண்ணி நாளைக்கு எடுத்துரலாம்" என்றார்.

நாளைக்கு என்றால் சித்திரை. நான் டாக்டரம்மாவிடம் தன்மையாகத்தான் சொன்னேன், பத்தே பத்து நாள், வீட்டில் படுக்க வைத்தே பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, மாரியைத்தான் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்கம்மா? உங்க உடம்பு."

மாரி என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா சொல்றபடி" என்றாள்.

காலையும் மாலையும் பிரஷர் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், தலைவலி வந்தால் உடனே வர வேண்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று மாரி கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், சின்ன வயசில் பஸ்ஸில் தூங்குகிற மாதிரி.

மே 8

பிரஷர் 158 காட்டியது. பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்த உடனே பார்த்தது, அது எப்படிச் சரியான கணக்காகும்? கொஞ்சம் படுத்திருந்து பார்த்திருந்தால் குறைந்திருக்கும். 132 என்று அனுப்பினேன். டாக்டரம்மா கட்டைவிரல் போட்டுப் பதில் அனுப்பினார்.

மே 10

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். பூட்டைத் திறந்து விட்டிருந்தேன், மாடியிலிருந்து நிவிதா வந்தாள். "பெரியம்மா, அம்மாவுக்குத் தலவலியாம். கண்ணுக்குள்ள பூச்சி பறக்காம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

அம்மா ஊரில் இருக்கிறாள் என்றுதானே சொல்ல வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். பாவம், திருதிருவென்று முழித்தாள். இப்போது சரியாகச் சொல் என்றேன், சொன்னாள். கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினேன். பால் பொங்கிவிட்டது.

அவர் சாப்பிடும்போது, "மாரி முகமே சரியில்ல சக்தி. கூட்டிட்டுப் போயிருவோமா?" என்றார்.

"போலாம். நாளைக்குக் கடை தெருவுக்கு வந்தா என்னயச் சொல்லாதீங்க."

அவர் மோரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். எனக்காகவா செய்கிறேன் இதையெல்லாம்?

மே 12

அத்தை போன் செய்தார். பதினைந்தாம் தேதி வருகிறாராம்.

"தலவலி கிலவலி உண்டா?"

"இல்ல அத்தை. நல்லா இருக்கேன்."

"வீட்டுல மத்தவங்க?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்."

"எல்லாரும்னா சரி" என்றார். அப்புறம் வைத்துவிட்டார்.

மே 13

எதிர்வீட்டு ஸ்டெல்லா சாயங்காலம் முறுக்கு கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மாடிக் கதவைத் தட்டுகிற சத்தம். பூனை என்றேன். டிவியைக் கூட்டி வைத்தேன். கொஞ்சநேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

ஸ்டெல்லா போனதும் மேலே போனேன். மாரி கதவை ஒட்டித் தரையில் படுத்திருந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். நிவிதா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன் மூஞ்சி பாதிதான் தெரியுது" என்றாள் மாரி.

எனக்குப் பகீரென்றது. மறைக்கவில்லை, எழுதுகிறேன். ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் யாருக்கும் கண் இருட்டத்தான் செய்யும். துடைத்துவிட்டு, சீரகத் தண்ணீர் கொடுத்து, நெற்றியில் ஈரத் துணி போட்டேன். அவள் தலையை மடியில் வைத்து வெகுநேரம் கோதிக்கொடுத்தேன்.

"நாளை ஒருநாள்தான் மாரி. மறுநாள் விடிஞ்சா வைகாசி. முதல் வேலையா மதுரைக்குப் போறோம். சித்திரை முடியட்டும்."

"சரிக்கா" என்றாள்.

மே 17

மூன்று நாள் எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினாலாம் தேதி காலை இட்லி கொண்டுபோனபோது மாரிக்கு வெட்டு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, வாயில் நுரை. நிவிதா மூலையில் நின்று காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் ஓடிவந்து தூக்கினார். "பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்" என்று கத்தினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரிந்த முகம், நான் வயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மதுரையில்தானே இவள் கேஸ் இருக்கிறது, அங்கேதானே முறையாகப் பார்ப்பார்கள்? காரை மதுரைக்கு விடச் சொன்னேன். அருப்புக்கோட்டை தாண்டும்போது இன்னொரு தடவை வந்தது. அவள் கையை நான் அழுத்திப் பிடித்ததில் என் கை வளையல் அத்தனையும் உடைந்துவிட்டது.

உடனே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். சித்திரையிலேயே பிறந்துவிட்டது.

மாரி கண் திறக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். டாக்டரம்மா தன் போனை எடுத்து நான் அனுப்பிய எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுநாள் விடிந்து கொஞ்சநேரத்தில் மாரி போய்விட்டாள். வைகாசி ஒன்று.

மே 18

பால்பாண்டி கொழும்பில் இறங்கி வந்துவிட்டார். விளாத்திகுளத்தில், அவர்கள் ஊரில், இன்று எடுத்தார்கள்.

நான் கிளம்பிச் சேலை மாற்றினேன். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். எல்லோர் முன்னாலும் அத்தை வழியை மறித்துக்கொண்டு சொன்னார். "பச்ச ஒடம்புக்காரி எழவு வீட்டுக்குப் போப்பிடாது. போயிப் படு."

ஒத்தாசைக்கு வந்த தங்கை, அக்கா பிரசவத்துக்குக் கூடப்போன இடத்தில் தலையில் நரம்பு வெடித்துச் செத்தாள். ஊருக்கு நாங்கள் சொன்ன கதை அதுதான். அந்தக் கதைப்படி நான் நாலு நாள் முன்னால் பிள்ளை பெற்றவள். படுத்தேன். தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்தார்கள். எட்டு வயசிலிருந்து நான் வளர்த்தவளை எடுக்கிற நேரத்தில் நான் போர்வைக்குள் கிடந்தேன். கத்தி அழக்கூட முடியவில்லை, வயிற்றுத் தையல் பிரிந்துவிடும் என்று ஆளாளுக்கு அதட்டினார்கள். என் வயிற்றில் எங்கே தையல் இருக்கிறது?

எல்லோரும் போன பிறகு அத்தை பிரசவ மருந்தை உருட்டிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தினார்.

"வளகாப்பன்னைக்கே எனக்குத் தெரியும்ளா. தலைக்கு மேல யாரோ நடக்காவ, நீ கீழ இருக்க. நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

"தலவலின்னா வச்சிருக்காதன்னு நான் ஒனக்கா சொன்னேன்? மேல இருந்தவளுக்குல்லா சொல்லிவிட்டேன்."

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷி என்னைக் கேட்க வந்துவிட்டார். அதை முகத்துக்கு நேரே கேட்டேன். "அந்தப் பாவம் எனக்கும் உண்டு" என்றார். மருந்தை என் வாயருகே நீட்டினார். "புள்ள பெத்தவ மருந்து திங்கலைன்னா தெரு கேக்கும். தின்னு."

கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மே 21

பிள்ளை பவுடர் பாலைக் குடித்துவிட்டுக் கக்குகிறது. மூக்கு எங்கள் அம்மா மூக்கு. மாரிக்கும் அதே மூக்குதான்.

அவர் விளாத்திகுளத்திலிருந்து வந்ததிலிருந்து வீட்டுக்குள் வரவில்லை. கடையையும் திறக்கவில்லை. வாசலுக்கு வெளியே, தெருவில், பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சோற்றை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

மே 25

பால்பாண்டி வந்தார், நிவிதாவோடு. மாடியில் கிடந்த அவள் துணிமணி, பள்ளிக்கூடப் பை எல்லாம் எடுக்க. ஆள் பாதியாகிவிட்டார். தொட்டிலைப் பார்க்கவே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். அத்தை வாசல்படியில் நின்றிருந்தார்.

"மைனி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நடுக்கடல்ல இருந்தேன், அவகிட்டப் பேசி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எப்பம் அடிச்சாலும் போன் ஆஃப்லயே இருந்துச்சு. முன்கூட்டியே எதுவும் தெரிஞ்சுதா? தலவலி, கிறக்கம்னு எதாவது சொன்னாளா?"

"இல்ல தம்பி. ஒண்ணுமே சொல்லல. திடீர்னுதான் வந்துட்டு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பினார்.

"பெரியம்மா மறந்துட்டாவ" என்றாள் நிவிதா. "நான் வந்து சொன்னேம்லா. அம்மாவுக்குத் தலவலி, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குன்னு. நீங்க பால் காய்ச்சிக்கிட்டு இருந்தீய. அப்பம் நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னீய. அம்மா ஊர்ல இல்லப்பா, மாடியிலதான் இருந்தா. பாப்பாவும் அம்மா வயித்துலதான் இருந்துச்சு."

தெருவில் அவர் சேரை விட்டு எழுந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

நிவிதா அப்பா கையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"இப்பம் சரியாச் சொல்லிட்டேம்லா பெரியம்மா?" என்று கேட்டு, கடலைமிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.